சுவர் கடைக்காரருடையது, வெளிச்சம் யாருடையது?

"என் சொந்தச் சுவர், என் சொந்தக் கரண்ட், என் கடைப் பெயர். இதற்கு எதற்கு ஐயா அனுமதி?" புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுத் தெரு ஒன்றில் கடை திறக்க இருந்த ஒரு தம்பி என்னிடம் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க மேசையில் உட்கார்ந்து மனுக்களைப் பார்த்தவன் நான். 'விதி இருக்கிறது, அதனால் அனுமதி வேண்டும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அது பதில் ஆகாது. விதி ஏன் வந்தது, யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற வந்தது என்று சொன்னால்தான் பதில்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மிக நீண்ட காலம் வாதாடிய நாடுகளில் பிரான்ஸ் ஒன்று. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் சட்டங்களை மூலத்திலேயே படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பழமை காக்கப்படும் பகுதிகளில் விளக்குப் போட்ட பெயர்ப்பலகைக்கு அனுமதி வாங்கும் முறை அங்கே எப்படி வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

கதை மின்சாரத்துக்கு வெகு காலம் முன்பே தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸில் வீடுகளுக்குக் கதவிலக்கம் கிடையாது. அதனால் கடைக்காரர்கள் தத்தம் வாசலில் ஓர் உருவத்தைத் தொங்கவிட்டார்கள். ஒருவர் சிங்கம் வைத்தால் இன்னொருவர் குதிரை வைத்தார். செருப்புத் தைப்பவர் பெரிய பூட்ஸ் ஒன்றையும், கையுறை விற்பவர் ஆள் உயரக் கை ஒன்றையும் மாட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். விலாசமும் அதுவே. 'வெள்ளைக் குதிரைக்கு எதிர் வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் போட்டி என்று ஒன்று உண்டல்லவா? ஒருவர் இரும்புக் கம்பியை ஒரு முழம் நீட்டினால் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு முழம் நீட்டினார். காற்றடித்தால் தெரு முழுக்கக் கிறீச் கிறீச் என்று சத்தம். எப்போது யார் தலையில் விழுமோ என்ற பயம் வேறு.

1667-இல் பதினான்காம் லூயி மன்னர் பாரிஸ் நகரக் காவலுக்கென்று ஒரு தலைமை அதிகாரி பதவியை உண்டாக்கினார். முதலில் அந்தப் பதவிக்கு வந்தவர் லா ரெய்னி. அவர் காலத்தில்தான் தெருக்களில் மெழுகுவர்த்தி வைத்த லாந்தர்கள் ஏற்றப்பட்டன. அன்றுமுதல் தெருவுக்குப் பொது வெளிச்சம் என்று ஒன்று வந்தது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, 1761-இல், அதே பதவியில் இருந்த சார்த்தீன் ஓர் ஆணை போட்டார். தொங்கும் பலகைகள் எல்லாம் இறக்கப்பட வேண்டும், சுவரோடு ஒட்டித்தான் மாட்ட வேண்டும், சுவரிலிருந்து 4 அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது. பழைய பிரெஞ்சு அங்குலக் கணக்கில் அது சுமார் 11 சென்டிமீட்டர். தெரு குறுகுகிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இன்னொன்றைக் கவனியுங்கள்: நீட்டிக்கொண்டிருக்கும் பலகைகள் லாந்தர் வெளிச்சத்தை மறைத்து நிழல் விழச் செய்கின்றன.

அன்று வெளிச்சத்தை மறைத்ததற்காகப் பலகைக்குத் தடை. இன்று வெளிச்சம் போடுவதற்காகப் பலகைக்குக் கட்டுப்பாடு. பார்க்க முரணாகத் தோன்றும். யோசித்தால் இரண்டும் ஒரே விஷயம். சுவர் ஒருவருடையதாக இருக்கலாம், தெருவில் விழுவது வெளிச்சமோ நிழலோ, அது எல்லோர் மேலும் விழுகிறது.

அடுத்த படி 1881. பிரான்சின் பழைய சுவர்களில் 'இங்கே விளம்பரம் ஒட்டத் தடை, 1881 ஜூலை 29 சட்டம்' என்று கறுப்பு எழுத்தில் இன்றும் பார்க்கலாம். அந்தச் சட்டத்தின் பெயர் பலருக்கு ஆச்சரியம் தரும்: பத்திரிகைச் சுதந்திரச் சட்டம்! சுதந்திரச் சட்டத்துக்கும் ஒட்டத் தடைக்கும் என்ன சம்பந்தம்? பேசும் உரிமையைக் கொடுத்த அதே கையால், அரசு தன் அறிவிப்புக்கு இடத்தை ஒதுக்கிக்கொண்டது. சட்டங்களையும் அரசு ஆணைகளையும் ஒட்டும் இடங்களை ஊர் மேயர் குறித்துக் கொடுப்பார். அங்கே தனியார் எதையும் ஒட்டக் கூடாது. வெள்ளைத் தாளில் அச்சிடும் உரிமையும் அரசு அறிவிப்புக்கு மட்டுமே. மற்றவர்கள் வண்ணத் தாளில் அச்சடித்துக்கொள்ள வேண்டும். தூரத்தில் வரும்போதே, வெள்ளை என்றால் சர்க்கார் சொல்வது, மஞ்சளோ பச்சையோ என்றால் வியாபாரி சொல்வது என்று தெரிந்துவிடும். இந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அது அல்ஜீரியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்கிறது. ஆகவே அன்றைய புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அது சட்டமாக இருந்தது.

ஆனால் இதுவரை வந்த எந்த விதியிலும் 'பழமை' என்ற பேச்சே இல்லை. நடப்பவருக்கு வழி, லாந்தருக்கு வெளிச்சம், அரசுக்குச் சுவர், அவ்வளவுதான். பழைய கட்டடத்தின் தோற்றத்துக்காகவே விளம்பரத்தைத் தடுத்த சட்டம் 1910 ஏப்ரல் 20-இல் வந்தது. வரலாற்றுச் சின்னங்கள் என்று அறிவிக்கப்பட்ட கட்டடங்களிலும் பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காட்சி இடங்களிலும் விளம்பரம் ஒட்டக் கூடாது என்றது. கோயில் மதிலில் பல்பொடி விளம்பரம் எழுதக் கூடாது என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரி.

அதே 1910-ஆம் ஆண்டு டிசம்பரில், அதே பாரிஸில், கிராண்ட் பலே மண்டபத்தில் மோட்டார் கண்காட்சி நடந்தது. ஜார்ஜ் கிளோத் என்ற விஞ்ஞானி அங்கே நீண்ட கண்ணாடிக் குழாய்களில் செக்கச் செவேல் என்று ஒரு வெளிச்சத்தைக் காட்டினார். அதுதான் நியான் விளக்கு. கிளோத் காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜன் எடுக்கும் தொழிலில் இருந்தவர். அந்த வேலையில் மிஞ்சிய வாயு நியான். வீட்டுக்குள் படிக்க இந்தச் சிவப்பு வெளிச்சம் உதவாது. பிறகு எதற்கு உதவும்? கடைக்கு உதவும் என்று கண்டுகொண்டார்கள். 1912-இல் பாரிஸில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு முதல் நியான் பலகை வந்தது என்பார்கள். அடுத்த ஆண்டு சின்சானோ என்ற மதுபானக் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்துகளில் எரிந்தது. 1919-இல் பாரிஸ் ஓப்பரா வாசலே நியானில் ஒளிர்ந்தது. ஆக, பழைய சுவரைக் காகிதத்திடமிருந்து காப்பாற்றச் சட்டம் போட்ட அதே ஆண்டில், காகிதமே வேண்டாத விளம்பரம் பிறந்துவிட்டது. சட்டம் எப்போதும் ஒரு தேர் பின்னால்தான் வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காலத்தின் உச்சம் 1925. அந்த ஆண்டு ஜூலை 4 இரவு, ஈஃபல் கோபுரத்தில் சித்ரோயன் மோட்டார் கம்பெனியின் பெயர் மேலிருந்து கீழாக எரிந்தது. ஃபெர்னான் ஜகோபோஸி என்ற இத்தாலியர் செய்த வேலை. சுமார் 2,50,000 பல்புகள். பல மைல் தூரத்துக்குத் தெரிந்தது. கம்பெனி கடனில் மூழ்கிய 1934 வரை, ஒன்பது ஆண்டுகள், பாரிஸின் இரவு வானத்தில் ஒரு மோட்டார் வியாபாரியின் பெயர் இருந்தது. கோபுரம் அப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம் அல்ல. 1964-இல்தான் அது வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. இன்று அதே பலகைக்கு மனுப் போட்டால் முதல் மேசையிலேயே திரும்பிவிடும். ஆனால் அன்று அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒளி விளம்பரம் என்றாலே அசிங்கம் என்று சாதாரண ஜனங்கள் நினைத்ததில்லை. நம் ஊரில் சினிமாக் கொட்டகை வாசலில் சீரியல் லைட் ஓடுவதை வாய் பிளந்து பார்த்த தலைமுறைதானே நாமும்?

பிறகு யுத்தம் வந்தது. பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. இருட்டடிப்பு. ஒரு நியான் எரியவில்லை. இந்த இருட்டில்தான், 1943-இல், இரண்டு முக்கியமான சட்டங்கள் வந்தன. பிப்ரவரி 25 சட்டம், வரலாற்றுச் சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டத்துக்குள், அந்தச் சின்னத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தையோ, சின்னத்தோடு சேர்ந்து ஒரே பார்வையில் படும் கட்டடத்தையோ அனுமதியின்றி மாற்றக் கூடாது என்றது. ஏப்ரல் 12 சட்டம் விளம்பரத் தட்டிகளையும் கடைப் பெயர்ப்பலகைகளையும் பற்றியது. விஷி அரசாங்கம் போட்ட சட்டங்கள் பலவற்றை விடுதலைக்குப் பிறகு குப்பையில் போட்டார்கள். இவை இரண்டையும் போடவில்லை. விளம்பரச் சட்டம் 1979 வரை உயிரோடு இருந்தது.

இங்கே நடந்த மாற்றம் பெரியது. 1910-இல் காப்பாற்றப்பட்டது கட்டடம். 1943-இல் காப்பாற்றப்பட்டது கட்டடத்தைப் பார்க்கும் பார்வை. தேவாலயத்தை யாரும் தொடவில்லை, ஆனால் அதற்கு எதிரே பச்சை விளக்கு மின்னினால் தேவாலயத்தைப் பார்ப்பவர் கண் எங்கே போகும்? சின்னத்தின் வாசலில் நிற்பவருக்கும் ஓர் உரிமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

அடுத்த படி எல்லோருக்கும் தெரிந்த மால்ரோ சட்டம். எழுத்தாளரான ஆந்த்ரே மால்ரோ கலாசார அமைச்சராக இருந்தபோது, 1962 ஆகஸ்ட் 4-இல் வந்தது. அதுவரை தனித்தனிக் கட்டடங்கள்தான் கணக்கு. இந்தச் சட்டம் ஒரு பகுதி முழுவதையும், பெரிய மனிதர் மாளிகை, சாதாரண வீடு, கடை, முற்றம் எல்லாவற்றையும் சேர்த்து, 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று அறிவிக்க வழி செய்தது. 1964-இல் லியோன் நகரின் பழைய பகுதி முதலில் அந்தப் பெயரைப் பெற்றது. பிறகு பாரிஸின் மாரே பகுதியும் வந்தது. 2016 முதல் இத்தகைய இடங்களுக்குப் பெயர் மாறி, 'குறிப்பிடத்தக்க மரபுத் தலங்கள்' என்று அழைக்கிறார்கள்.

தேதியைப் பார்த்தீர்களா? 1962 ஆகஸ்ட் 4. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. பன்னிரண்டு நாள் வித்தியாசம். நிர்வாகம் 1954 நவம்பர் 1 முதலே இந்தியாவின் கையில் இருந்ததால், அந்தச் சட்டம் நம் தெருக்களுக்கு வந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழைய தெருக்களைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட அதே மாதத்தில் இந்தத் தெருக்களின் சாவியை முறைப்படி ஒப்படைத்தார்கள்.

இனி என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் பிடித்த பகுதி: 1979 டிசம்பர் 29 சட்டம். இதன் அழகு, மூன்று பொருள்களை அது பிரித்துப் பெயரிட்டதில் இருக்கிறது. உங்கள் பேக்கரியின் மேல் 'பேக்கரி' என்று இருந்தால் அது பெயர்ப்பலகை. தெருமுனையில் 'பேக்கரி 200 மீட்டர்' என்று அம்புக்குறி போட்டு இருந்தால் அது முன்னறிவிப்புப் பலகை. யார் சுவரிலோ ஏதோ ஒரு சோப்பின் பெயர் இருந்தால் அது விளம்பரம். பாதுகாக்கப்பட்ட பகுதியில் விளம்பரத்துக்குத் தடைதான் பொது விதி. ஊர் தனக்கென்று தனி விதி இயற்றினால்தான் தளர்வு உண்டு. பெயர்ப்பலகைக்கோ தடை இல்லை, அனுமதி வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? வியாபாரம் செய்பவர் தன் பெயரை வாசலில் எழுதுவது அவர் உரிமை. அதை அரசு மறுக்க முடியாது. எவ்வளவு பெரிதாக, எந்த நிறத்தில், எந்த வெளிச்சத்தில் என்று மட்டும்தான் கேட்கலாம்.

அனுமதி வாங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 14798 என்ற எண் கொண்ட படிவம். அதோடு வரைபடம், அளவுகள், நிறம், விளக்கு எந்த மாதிரி, கட்டடத்தின் முகப்பில் பலகை எப்படித் தெரியும் என்று காட்டும் படம். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் 'பிரான்ஸ் கட்டடங்களின் கட்டடக்கலைஞர்' என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் கட்டாயம். அவர் கூடாது என்றால் கூடாது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கணக்கு! கோப்பு மேசையில் தூங்கினால் கடைக்காரர் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. 'மேலிடத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்' என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனிதரின் செருப்பைத் தேய வைக்கும் வித்தை அங்கே செல்லாது. விதி கடுமையாக இருக்கலாம், அதிகாரி கடுமையாக இருக்கலாம், ஆனால் கடிகாரம் குடிமகன் பக்கம் இருக்க வேண்டும். எத்தனையோ கோப்புகளை நகர்த்தியவன் சொல்கிறேன், இது சின்ன விஷயம் அல்ல.

நாடு முழுவதற்குமான அளவுகளும் படிக்கச் சுவையானவை. தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை, தெருவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீளக் கூடாது, எப்படியும் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஜன்னலுக்கு முன்னாலும் பால்கனிக்கு முன்னாலும் மாட்டக் கூடாது. கடை முகப்பில் 15 சதவீதத்துக்கு மேல் பலகைகள் அடைக்கக் கூடாது, முகப்பு 50 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால் 25 சதவீதம் வரை போகலாம். அதாவது சின்னக் கடைக்குச் சற்றுச் சலுகை. மின்னி மின்னி எரியும் பலகை யாருக்கும் கூடாது. மருந்துக்கடைக்கும் அவசரச் சேவைகளுக்கும் மட்டும் விலக்கு. பிரான்ஸ் போய் வந்தவர்கள் பச்சைச் சிலுவை மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடி வருபவருக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும். மற்றவர்கள் அவ்வளவு அவசரமாகக் கூப்பிட வேண்டியதில்லை. பார்க்க வறண்ட விதி, உள்ளே மனிதாபிமானம்.

ஆனால் எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. மாரே பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த இடம். பிறகு கைத்தொழிலாளர்களும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதர்களும், சின்னச் சின்னப் பட்டறைகளுமாக நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பாதுகாப்புத் திட்டம் வந்ததும் முற்றங்களில் பின்னால் கட்டிய பட்டறைகளையும் கொட்டகைகளையும் 'பழைய வடிவத்துக்குப் பொருந்தாதவை' என்று பல இடங்களில் அகற்றினார்கள். மாளிகைகள் மீண்டும் அழகாயின. அழகானதும் வாடகை ஏறியது. ஏறியதும் பழைய ஜனங்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

விளக்குப் பலகை விஷயத்தில் இதன் விளைவு வேடிக்கையானது. ஒரு கடை மூடினால் மூன்று மாதத்துக்குள் பலகையை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் பலகைக்கு வரலாற்று மதிப்போ கலை மதிப்போ இருந்தால் அப்படியே விட்டுவைக்கலாம். அதனால் ரோசியே தெருவில் பழைய பொதுக் குளியலகத்தின் பெயர் இன்றும் முகப்பில் இருக்கிறது. உள்ளே குளிக்க இடம் இல்லை, நாகரிக உடைகள் விற்றார்கள். பெயரைக் காப்பாற்றிய விதிக்குப் பெயருக்கு உரியவரைக் காப்பாற்றத் தெரியவில்லை. அதே மாரேயில் கார்னவாலே அருங்காட்சியகத்தில், சார்த்தீன் வெறுத்த வகைப் பழைய தொங்கும் பலகைகள் ஒரு கூடம் நிறைய மாட்டியிருக்கின்றன. ஒரு நூற்றாண்டின் தொல்லை அடுத்த நூற்றாண்டின் பொக்கிஷம்.

அரசின் கையும் முழுக்கச் சுத்தமில்லை. வரலாற்றுச் சின்னங்களைப் பழுதுபார்க்கும்போது சாரத்தின் மேல் மாட்டும் துணியில் பாதி வரை விளம்பரம் போட்டுக்கொள்ள 2000-களில் அனுமதித்தார்கள். வரும் பணம் பழுதுபார்க்கும் செலவுக்கு. பெட்டிக்கடைக்காரர் தன் பெயரில் ஒரு பல்பு கூடுதலாகப் போட நான்கு கையெழுத்து வாங்க, எதிர்ப்பக்கம் சின்னத்தின் மேலேயே கைப்பையும் வாசனைத் திரவியமும் தொங்குவதைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். காசில்லாமல் கூரை ஒழுகுவதைவிட இது மேல் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி எளியவருக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என்று தோன்ற ஆரம்பித்தால் விதியின் மரியாதை போய்விடும். அதை எந்த ஆடிட்டரும் கணக்கில் காட்ட மாட்டார்.

கடைசிப் படி, நம் காலத்தது. 2012 ஜனவரி 30 ஆணை, கடையில் வேலை முடிந்த பிறகு இரவு 1 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒளிரும் பெயர்ப்பலகைகளை அணைக்க வேண்டும் என்றது. பழைய பலகைகளுக்கு 2018 வரை அவகாசம். இது பழைய தெருவுக்கு மட்டுமல்ல, எல்லா இடத்துக்கும். 2013 ஜூலை முதல் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்குகளுக்கும் இரவு வரம்பு வந்தது. காரணம் மின்சாரச் சிக்கனம் மட்டுமல்ல, தூக்கம், பறவைகள், பூச்சிகள், நட்சத்திரம். இருட்டையும் ஒரு பொதுச் சொத்தாகச் சட்டம் கண்டுகொண்டது. கடைக்காரர்கள் பலர் கேட்கவில்லை. அப்போது பாரிஸில் சில இளைஞர்கள் ஒரு வழி கண்டார்கள். தீ விபத்தில் தீயணைப்பு வீரர்கள் மின்சாரத்தைத் துண்டிக்க வசதியாகக் கடைக்கு வெளியே உயரத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். இரவில் சுவரில் தாவி ஏறி அதை இழுத்து அணைத்துவிட்டுப் போனார்கள். திருடவில்லை, உடைக்கவில்லை. அவர்களைச் சரி என்று சொல்ல என் வயது இடம் கொடுக்கவில்லை, தப்பு என்று சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை.

1667 லாந்தரிலிருந்து இந்தச் சுவிட்ச் வரை கணக்கு எடுத்தால் ஒரு வளர்ச்சி தெரிகிறது. முதலில் நடைவழி பொது. பிறகு அறிவிப்புச் சுவர் பொது. பிறகு சின்னம் பொது. பிறகு அதைப் பார்க்கும் பார்வை பொது, தெரு முழுவதும் பொது, கடைசியில் இரவின் இருட்டே பொது. ஒவ்வொரு படியிலும் 'என் சுவர்தானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 'சுவர் உன்னுடையதுதான், ஆனால்...' என்று பதில் வந்திருக்கிறது. அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குத்தான் அனுமதிப் படிவம் என்று பெயர்.

நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் தமிழர் பகுதியும் பிரெஞ்சுப் பகுதியும் கால்வாய்க்கு இரண்டு பக்கமும் முகம் பார்த்து நிற்கின்றன. திண்ணையும் மரத்தூணும் ஒரு பக்கம், உயர்ந்த மதிலும் வளைவு வாசலும் மறுபக்கம். வைசியாள் தெருவைப் பழமை மாறாமல் மீட்ட வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதுகளில் ஒன்று கிடைத்தது. அதே ஊரில்தான் 2014 நவம்பர் மழையில் நம் மேரிக் கட்டடம் இடிந்து விழுந்தது, பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். எந்தக் கட்டடமும் ஒரு எல்.இ.டி. பலகையால் விழுந்ததில்லை, மழையாலும் கவனிப்பு இல்லாமலும் விழுந்ததுண்டு. அப்படியானால் பலகையைப் பிடித்துக்கொண்டு ஏன் சண்டை என்று கேட்கலாம்.

என் பதில் இது. கட்டடம் விழுவது எப்போதோ ஒரு நாள். பலகை மாட்டுவது ஒவ்வொரு மாதமும். பழைய வீட்டின் சொந்தக்காரரும் ஊர் நிர்வாகமும் சந்திக்கும் முதல் இடம் அந்தப் பலகைதான். அங்கே பேச்சு மரியாதையாக நடந்தால், நாளைக்குக் கூரை ஒழுகும்போதும் அவர் அலுவலகத்துக்கு வருவார். அங்கே அலைக்கழித்தால், ஒழுகும் கூரையை மறைத்து, ஒரு ராத்திரியில் இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுவார்.

ஆகவே பிரெஞ்சுக்காரரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தடை அல்ல. பெயர்ப்பலகை வேறு, விளம்பரம் வேறு என்ற தெளிவு. சின்னக் கடைக்குக் கொஞ்சம் தாராளம். அவசரத்துக்கு மட்டும் மின்னும் விளக்கு. நள்ளிரவுக்குப் பிறகு இருட்டு. பதில் சொல்ல ஒரு கெடு, சொல்லாவிட்டால் மனுதாரர் பக்கம் தீர்ப்பு. இதோடு அவர்கள் மாரேயில் தவறவிட்டதையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம்: பலகையைக் காப்பாற்றும்போது அதற்குக் கீழே உட்கார்ந்து வியாபாரம் செய்பவரையும் காப்பாற்ற வேண்டும். இட்லிக் கடையின் பழைய பெயர் மட்டும் அழகாக மிஞ்சி, உள்ளே இட்லி இல்லாமல் போனால், அந்தத் தெருவை யாருக்காகக் காப்பாற்றினோம்?